அடுப்பங்கரைப் பேச்சு

போர்னியோவில், சரவாக் மாநிலத்தின் உட்கோடியில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாரியோ. கெலாபிட் மக்களின் ஊர். இரண்டாம் உலகப்போரின்போது, 1945 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி டாம் ஹாரிசன் பாராசூட்டில் குதித்து இறங்கிய காலத்தில், கடற்கரையிலிருந்து இங்கே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இன்று கடற்கரை நகரமான மீரியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சின்ன விமானம் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

அன்றைய நீள்வீட்டில் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எரியும். யார் வீட்டில் என்ன சமையல், என்ன சச்சரவு என்பது எல்லார் காதிலும் விழும். பிள்ளைகளின் காதில் கெலாபிட் மொழியும் அப்படித்தான் விழுந்தது. 'குமான்' சாப்பிடுவது, 'நுபா' சோறு, 'பா' தண்ணீர், ஆறும் அதுவே. நம்மைப் போலவே, கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' ஒன்று, விட்டுவிடும் 'நாங்கள்' ஒன்று. போதாதற்கு இருவர் மட்டும் என்றால் அதற்கும் தனிச்சொல். இவ்வளவு நுணுக்கத்தையும் பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

1946-இல் முதல் பள்ளி வந்தது. மேற்படிப்பு மருடி, மீரி நகரங்களுக்கு இழுத்தது. பிழைப்பு அங்கேயே நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ 6,000 கெலாபிட்டுகளில் பாதிக்கு மேல் இன்று மேட்டுநிலத்தில் இல்லை. நகரத்து வீட்டில் சமையலறைக்குக் கதவு உண்டு. பிள்ளைகளின் பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிப்பை விரும்பித் தேடிப் போனவர்கள் கெலாபிட் மக்களேதான். அதில் நன்றாகவே தேறினார்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. முதல் குழந்தை பிறந்ததும் பெற்றோர் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்வார்கள். பேரக்குழந்தை வந்தால் தாத்தா பாட்டிக்கும் புதுப்பெயர். அதற்கான விருந்துதான் 'இராவ்'. முன்பு பெரிய இராவ் இறந்தவர்களுக்காக நடந்தது. 'போரக்' என்ற அரிசிக் கள் ஜாடி ஜாடியாக ஓடியது. கிறிஸ்தவம் வந்தபின் அந்த விருந்தும் நின்றது, கள்ளும் போயிற்று. அந்த இடத்துக்குப் பெயர்மாற்ற விருந்து வந்து உட்கார்ந்தது. தேநீரோடு நடக்கிறது, பெரும்பாலும் விடுமுறை நாட்களில். மீரியிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் உறவினர் விமானம் ஏறி வருகிறார்கள். மருத்துவரோ பேராசிரியரோ, ஊரார் முன் எழுந்து நின்று கெலாபிட் பெயர் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குத் திரும்புகிறார்.