பருவக் காய்கறியும் பத்துமலை விரதமும்

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்க நேர்ந்துகொள்வோர், அதற்கு முன் பல நாள் மரக்கறி உணவே உண்கின்றனர். அது வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால், காய்கறி விலை ஏறிவிடுவதுண்டு. இதற்கு நாம் செய்யத்தக்கது யாது?

1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெற்று நிலங்களில் உணவுப் பயிர் வளர்க்க மக்களை ஊக்குவித்தார். அக்கருத்து இன்றும் நமக்குப் பயன்படும். அண்டை வீட்டார் சிலர் கூடிப் பயிரிட்டோ, அருகிலுள்ள காய்கறித் தோட்டத்தில் மொத்தமாக வாங்கியோ பங்கிட்டுக்கொள்ளலாம்.

பங்கில் கிடைப்பதற்கேற்பச் சமையலை அமைத்தல் வேண்டும். விரைவில் வாடும் கீரையையும் வெண்டைக்காயையும் முதலில் சமைப்போம். முழுப் பூசணி பல நாள் கெடாதாகையால் பின்னர் ஆகட்டும்.

கீரையைக் கழுவிய பின்னரே நறுக்குதல் நலம். வேகவைத்த நீரைக் கொட்டாது ரசத்தில் சேர்க்கலாம். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சைச் சாறு துணைபுரியும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். ஆகவே, உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துதல் நன்று. கருவுற்ற தாய்மாரை இரத்தச்சோகை எளிதில் பற்றுமாதலால், அவர்கள் இதனை மறத்தலாகாது.

விரதம் முடிந்த பின்னரும் இம்முறையைக் கைக்கொள்வோமாக!