மணம் நிலைக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை குளித்து, தூய ஆடை உடுத்தி, ஜும்ஆவுக்குப் புறப்படும் வேளையில் அத்தர்ப் புட்டியைத் தேடாத முஸ்லிம் இல்லம் உண்டோ? அன்று குளிப்பதையும், இயன்ற நறுமணத்தைப் பூசிக்கொள்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியுள்ளார்கள். நறுமணத்தை யார் அன்பளித்தாலும் அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது.

ஆயினும், பூசிய மணம் குத்பா முடியும் முன்பே மறைந்துவிடுகிறதே எனச் சிலர் குறைப்படுவதுண்டு. குறை பூசும் முறையில் இருக்கக்கூடும். வியர்வையின் மீது பூசாதீர்கள். குளித்து, ஈரம் துடைத்தபின் பூசுங்கள். தோல் வறண்டிருந்தால் மணமற்ற எண்ணெயைச் சிறிது தடவிக்கொள்ளுங்கள். கன்னோஜில் மலரின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் வடிப்பதும் இதனாலேயே. எண்ணெய் மணத்தைப் பற்றி வைத்து, மெல்ல மெல்லவே விடும். மணிக்கட்டு, கழுத்து, காதின் பின்புறம் ஆகிய வெதுவெதுப்பான இடங்கள் ஏற்றவை. வெள்ளாடையில் தடவினால் கறை படியக்கூடும். புட்டியை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். சற்று நேரத்தில் நம் மூக்கு அம்மணத்துக்குப் பழகிவிடும். மணம் போயிற்றென எண்ணி மேலும் மேலும் பூசினால், தோளோடு தோள் சேர்ந்து நிற்பவருக்குத் தலைவலியே மிஞ்சும். பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்ற நபிமொழி எதை உணர்த்துகிறது? அருகிருப்பவருக்குத் தொல்லை கூடாது என்பதையன்றோ? ஆகவே ஒரு துளி போதும். அத்தர் வாங்க இயலாதவர் நன்கு குளித்து வந்தாலே, பக்கத்துச் சகோதரருக்குச் செய்யும் மரியாதை நிறைவேறிவிடும்.