மலைநாட்டுப் பயணமும் எரிபொருட் சிக்கனமும்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையில் காரொன்றுக்கு வாரத்திற்கு 20 லீற்றர் பெற்றோலே பங்கிட்டு வழங்கப்பட்டது. அக்கட்டுப்பாடு 2023 செப்டெம்பரில் நீங்கிற்று. எண்ணிச் செலவிடும் பழக்கம் அதனுடன் நீங்கவேண்டியதில்லை. மலைவளங் காணப் புறப்படுவோர் தேசப்படத்திற் குறுகிய பாதையைத் தேடுவர். அது நன்றே. ஆயினும் மலைநாட்டிலே தூரத்தோடு ஏற்றத்தையும் கணக்கிடல் வேண்டும்.

பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் கார் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர்கின்றது. ஆட்களோடு 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரை அவ்வுயரத்திற்குத் தூக்கும் வேலையைக் கணித்து, பெற்றோலின் சக்தியிற் காற்பங்கே சில்லுகளைச் சேருமெனக் கொண்டால், ஏற்றத்திற்கு மட்டும் இரண்டு லீற்றர் செலவாகும். தூரத்தைக் கடக்கும் செலவு வேறு. இறங்கும்போது இச்சக்தியில் ஒரு பகுதியே பயன்படுகின்றது; எஞ்சியது தடுப்புக்களிலும் எஞ்சினிலும் வெப்பமாய் அழிகின்றது. ஆகவே ஏறிய மலையை மீண்டும் ஏறாதிருத்தலே இங்குப் பெருஞ் சிக்கனம்.

யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் பலர் நுவரெலியாவிலே தங்கி, மறுநாள் எல்லவுக்கு இறங்கி, மாலையில் அவ்வழியே திரும்புவர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும், எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இம்மீட்சியின் ஏற்றம் மட்டும் ஒரு லீற்றருக்கு மேல் விழுங்கிவிடும். பின்னொருநாள் ஹக்கலைப் பூங்காவை நினைந்து, வெலிமடை வீதியில் மறுபடியும் இறங்குவாரும் உளர்! சிங்கோனாப் பயிருக்கென 1861இல் தொடங்கப்பட்ட அப்பூங்கா, எல்லவுக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றது.

இடங்களின் வரிசையை மாற்றினாற் போதும். ஏறும்போதே றம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்டு, நுவரெலியாவில் ஓரிரவு தங்கலாம். பின்னர் ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவை அடைந்து, அடுத்த இரவை அங்கே கழிக்கலாம். திரும்புகையில் பதுளையைக் கடந்து, துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்த்து, மகியங்கனைச் சமவெளிக்கு இறங்குக. அப்பால் பொலன்னறுவை, ஹபரணை வழியாக மரதன்கடவலையிற் கண்டி வீதியைச் சேரலாம். நுவரெலியா ஏற்றம் ஒருமுறையோடு முடிகின்றது. பொலன்னறுவைச் சிவாலயங்களும் காட்சியிற் சேர்கின்றன. மழைக்காலத்தில் மண்சரிவால் வீதி அடைபட்டுள்ளதா என விசாரித்தே புறப்படல் வேண்டும். பாதிவழியில் திரும்ப நேர்ந்தாற் கணக்கெல்லாம் பாழாகும்.

இறக்கத்திலே கியரை நீக்கி வண்டியை உருளவிடுதல் சிக்கனமென்பது தவறான எண்ணம். எரிபொருளை மின்கருவியாற் கட்டுப்படுத்தும் இக்காலக் கார்களில், கியர் பூட்டியிருக்க முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருட் பாய்ச்சல் பெரும்பாலும் நின்றுவிடும். கியர் நீங்கினாலோ, எஞ்சின் தன் ஓட்டத்துக்கே பெற்றோலைக் கேட்கும்; வண்டியின் வேகமெல்லாம் தடுப்புக்களின்மேலே விழும். நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும்.