காட்டு முயலும் கானாங்கோழியும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், முயல் நிலக்கடலைக் குருத்தைக் கறித்துவிடுகிறது என்று பயிரிடும் அங்கத்தினர்கள் நம்மிடம் முறையிடுவதுண்டு. வரப்போரப் புதரைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீரும் என்போரும் உளர். அப்புதரையே நம்பி வாழும் மற்றோர் உயிர் கானாங்கோழி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும்.

முயல் மேட்டு நிலத்து விலங்கு. நம் நாட்டுக் காட்டு முயலுக்குப் பிடரியிலுள்ள கரிய திட்டே அடையாளம். இது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே உடலளவான பள்ளத்தில் பகலெல்லாம் அசையாது பதுங்கியிருந்து, இரவில் மேய்கிறது. பகை மிக நெருங்கிய பின்னரே பாய்ந்தோடும்.

கானாங்கோழி நீர்க்கரையைச் சார்ந்த பறவை. நீளம் சுமார் 30 செ.மீ. முகமும் மார்பும் வெண்மை, வாலடி செம்பழுப்பு. குட்டை வாலை ஆட்டியவாறு நடக்கும் இது, அச்சமுற்றால் பறப்பதைவிடப் புதருக்குள் ஓடி மறைவதையே விரும்பும். மழைக்காலத்தில் இரவிலும் ஓயாது கூவும்.

ஒன்று பாலூட்டி, மற்றொன்று பறவை. ஆயினும் இரண்டும் வாழ்க்கைப் போரில் ஒரே வழியைக் கைக்கொண்டுள்ளன. முயற்குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. கானாங்கோழிக் குஞ்சும் கரிய தூவியுடன் பொரித்து, விரைவிலேயே பெற்றோரின் பின்னே நடக்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் புதரே கோட்டை.

உணவில்தான் வேற்றுமை. முயல் புல்லையும் இளம் பயிரையும் தின்னும். அதனால் விளையும் நஷ்டம் மெய்யே. கானாங்கோழியோ பூச்சி, புழு, நத்தை, விதை ஆகியவற்றை உண்ணும். தீ இவ்வேற்றுமையை அறியாது. முயல் ஓடி அடுத்த அங்கத்தினரின் கொல்லையில் மேயும். அடைகாக்கும் பறவையோ முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட இயலுமோ? குற்றம் செய்தது தப்ப, உதவி செய்தது அழிகிறது.

கண்ணி வைப்பதும் வழியன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடுதல் தண்டனைக்குரியது. முளைவிடும் பருவத்தில் கொல்லையைச் சுற்றி நெருக்கமாக முள்வேலி இடுவதே தக்கது. தனித்தனியே அடைத்தால் செலவு மிகும். அடுத்தடுத்த நிலத்தார் சேர்ந்து ஒரே வேலியாக அடைத்தால் குறையும். புதரும் நிற்கும், பயிரும் பிழைக்கும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ? அங்கத்தினர்கள் இதனைத் தங்கள் கூட்டங்களில் ஆலோசிப்பார்களாக.