இணையப் பக்கத்தில் வந்து சேரும் உரையும் தானியங்கு திருத்தமும்

பழைய நூல்களையும் கல்வெட்டுப் பாடங்களையும் இன்று கணினித் திரையில் கற்பார் பலர். அத்தகைய பக்கங்களுள் பல, உரை முழுவதையும் ஒருங்கே தருவன அல்ல. படிப்போர் கீழே செல்லச் செல்லப் புதிய பகுதிகள் வந்து சேரும். பக்கம் திறந்தவுடன் ஒருமுறை இயங்கி நின்றுவிடும் திருத்த நிரல், பின்வரும் பகுதிகளைத் தொடாது. அவற்றையும் வருந்தோறும் திருத்தும் முறை யாது, அத்திருத்தத்தின் எல்லை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

'கோயில்' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக அமைக்கலாம். ககரத்தின்பின் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக நிற்றல் ஒன்று. ஓகாரக் குறி ஒன்றே நிற்றல் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் ஒப்பீட்டுக்கோ வேறுவேறு. ஒருவகையால் தேடுவார்க்கு மற்றை வகை அகப்படாது. செங்கல்பட்டு மாவட்டக் கல்வெட்டுகளுக்குச் சொல்லடைவு தொகுப்பார் இதனை நோக்காது எண்ணின், எண்ணிக்கையும் அதன்மேல் எழுந்த முடிபும் பிழைபடும். 2015ஆம் ஆண்டுத் தரத்தில் அம்மொழிக்கு வந்த 'நார்மலைஸ்' என்னும் செயற்கூறு இருவகையையும் ஒருவகையாக்கும்.

புதுவரவை அறிதற்கு முன்னர் 'மியூட்டேஷன் ஈவென்ட்ஸ்' என்னும் முறை இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனுக்குடன் இயங்கிப் பக்கத்தைத் தாமதப்படுத்தியமையின் அது வழக்கிழந்தது. குரோம் உலாவி 2024இல் அதனைக் கைவிட்டது. அதனிடத்தில் நிற்பது 'மியூட்டேஷன் அப்சர்வர்'. பக்கத்தின் ஓர் உறுப்பை அதற்குக் காட்டி, 'சைல்டுலிஸ்ட்', 'சப்ட்ரீ' என்னும் இரண்டு விருப்புகளையும் இயக்கின், அவ்வுறுப்பின் உட்கிளைகளில் எங்குப் புதிய கணு சேரினும், அம்மாற்றங்களைத் தொகுத்துத் திருத்த நிரலிடம் ஒப்புவிக்கும். நிரல், வந்த கணுக்களினுள் உள்ள உரைக்கணுக்களை மட்டும் திருத்துதல் வேண்டும். திரை வரையப்படுமுன் இது நிகழ்தலின் படிப்போர்க்குத் தடுமாற்றம் இல்லை.

ஈண்டு இரண்டு கருதத்தக்கன. முன்னரே பக்கத்தில் உள்ள உரையை இக்கருவி அறிவியாது. அதனை முதலில் தனியே திருத்துதல் வேண்டும். மேலும், திருத்தமே புதிய மாற்றமாகத் திரும்பி வந்து முடிவின்றிச் சுழலவும் கூடும். உரை வேறுபட்டாலன்றி எழுதாமையே அதற்குக் காப்பு.

இனி, எல்லை. ஔகாரக் குறிக்குரிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்', 'வெளவால்' எனத் தட்டச்சிடுவார் பலர். 'கெள' வரின் 'கௌ' ஆக்குக, 'வெள' வரின் 'வௌ' ஆக்குக என நிரலுக்கு விதித்தால், மாமல்லபுரக் கடற்கரையார் நன்கறிந்த கெளுத்தி மீனின் பெயர் சிதையும். ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வரின் விடுக என விதியைச் செப்பம் செய்யினும், பேச்சுவழக்கில் எழுதிய 'வெளக்கு', 'வௌக்கு' ஆகிவிடும். 'கோயில்' காட்டியது ஒரே எழுத்தின் இருவகைக் குறியீடு. இஃது பாடத் திருத்தம். முன்னதைப் பொறியிடம் விடலாம். பின்னது கற்றோர் பணி.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாலுவன்குப்பத்து அதிரணசண்டேசுவரர் குடைவரையில் ஒரே வடமொழிப் பாடல்கள் கிரந்தத்திலும் நாகரியிலும் இருபுறச் சுவர்களிலும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து மாறியபோதும் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. திரையிலும் அவ்வாறே பாடத்தை மாற்ற நேரின், வந்த வடிவத்தை அவ்வுறுப்பிலேயே ஒரு 'டேட்டா' பண்பாகக் காத்து வைத்தல் பதிப்பாசிரியர் கடனாகும்.