மண்ணுக்குள் ஏறும் சூடு

1998 ஜனவரி 22 அன்று, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு 110 கிலோவோல்ட் புதைகேபிள்களில் ஒன்று பழுதானது. பிப்ரவரி 9-இல் இரண்டாவது போனது. மிச்சமிருந்த இரண்டும் 19, 20 தேதிகளில் அடுத்தடுத்துச் செயலிழந்தன. நகர மையம் ஏறக்குறைய ஐந்து வாரம் முடங்கியது. முதலில் போன இரண்டும் வாயு நிரப்பிய பழைய கேபிள்கள். வயதும் பராமரிப்பும்தான் காரணம் என்றால் அதில் உண்மை உண்டு. ஆனால் அங்கே அது வறண்ட கோடைகாலம். சுற்றியிருந்த மண் வெப்பத்தைக் கடத்துவதில் கணக்கிட்டதைவிட மோசமாக இருந்தது. ஆகவே கேபிள்களின் தாங்குதிறன் ஏட்டில் இருந்த எண்ணைவிடக் குறைவு என்பதும் பிறகு வெளிப்பட்டது. கேபிளின் சுமையை ஆம்பியர் பாதிதான் சொல்லும். மீதியைச் சூடுதான் சொல்லும்.

கேபிளின் செம்பிலோ அலுமினியத்திலோ பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: லோடு 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். கோபுரங்களில் செல்லும் கம்பியைக் காற்று குளிர்விக்கிறது. புதைத்த கேபிளுக்கு மண்ணை விட்டால் வேறு வழியில்லை. ஈர மண் வெப்பத்தை எளிதில் வாங்கி அனுப்பும், நன்றாகக் காய்ந்த மண் அதில் பாதியைக்கூட அனுப்பாது. கொடுமை என்னவென்றால், கேபிளின் சூடே பக்கத்து மண்ணை உலர்த்துகிறது. உலர்ந்த மண் சூட்டை அடைத்துவைக்க, சூடு மேலும் ஏறுகிறது. இன்று பரவலாகப் பயன்படும் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புறை 90 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும். அதற்கு மேல் நாள்கணக்கில் வெந்தால் ஆயுள் குறையும். வெளியே ஒன்றும் தெரியாது.

அளவு மீறினால் பாதுகாப்புக் கருவியான ரிலே மின்சாரத்தைத் துண்டித்துவிடாதா என்று கேட்கலாம். ரிலே பார்ப்பது பெரும்பாலும் மின்னோட்டத்தைத்தான். அனுமதித்த ஆம்பியருக்குள்ளேயே வறண்ட மண்ணில் மெல்ல வேகும் கேபிளை அது அறியாது. பாதுகாப்புக்காகக் குறைவாகவே லோடு ஏற்றினால் போதாதா? எவ்வளவு குறைவு என்பதும் மண்ணைப் பற்றிய ஊகம்தானே. தவிர, ஒரு கேபிள் போனால் அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். ஆக்லாந்தில் அதுதான் நடந்தது. ஊகிக்காமல் அளக்கவும் வழி உண்டு: கேபிளோடு ஒளியிழை ஒன்றைப் பதித்து, லேசர் ஒளி சிதறித் திரும்புவதைக் கொண்டு மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையை அறியும் முறை இப்போது இருக்கிறது. இது தேவைதான், ஏனெனில் பல கிலோமீட்டர் கேபிளின் திறனை அதன் மிகச் சூடான சில மீட்டர்களே தீர்மானிக்கின்றன. செலவு அதிகம் என்பார்கள். ஆனால் மண் மெதுவாகவே சூடாகும் என்பதால், அவசரத்தில் சில மணி நேரம் எவ்வளவு கூடுதலாக ஏற்றலாம் என்பதையும் அதே அளவீடு காட்டும். இருக்கும் கேபிளிலிருந்தே கூடுதல் பயன் கிடைக்கும். நகரங்களில் உயர் அழுத்தக் கேபிள் புதைப்போர், பாதை நெடுக மண்ணைச் சோதிப்பதையும் ஒளியிழை பதிப்பதையும் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.