ஈரல் பரிசோதனைத் துண்டு சொல்வது என்ன?

செங்கண்மாரி கண்டவர்களுக்கும், காசநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வைத்தியர்கள் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்விப்பதுண்டு. அதன் துண்டிலே எஸ்.ஜீ.பி.ரி., எஸ்.ஜீ.ஓ.ரி. என இரு பெயர்களும் எதிரே இலக்கங்களும் இருக்கும். சில துண்டுகளில் இவை ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. எனப்படும். இவ்விலக்கங்களைக் கண்டு வீணாகப் பயந்தவர்களையும், வீணாக நிம்மதியடைந்தவர்களையும் நாம் சந்திக்கிறோம். ஆகவே இவற்றின் பொருளை அறிந்துகொள்வோம்.

இவை ஈரற் கலங்களுக்குள் வேலை செய்யும் நொதியங்கள். கலம் பழுதடைந்தால் இரத்தத்தில் கசியும். நெற்சாக்கு பொத்தலானால் நிலத்தில் நெல் சிந்துவது போல. சிந்திய நெல்லைக் கண்டு சாக்குப் பழுது என்று அறியலாம். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அறிய முடியாது.

பொதுவாக லீற்றருக்கு 40 அலகுகள் வரை சாதாரணம். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இது சற்று மாறும். அசுத்த நீரால், உணவால் பரவும் செங்கண்மாரியில் இலக்கம் 1000ஐயும் தாண்டலாம். 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் பரவியது இந்நோயே. ஆயினும் பெரும்பாலானோர் ஓய்வாலும் போதிய உணவாலும் முற்றாகச் சுகமடைவர்.

கசிப்பு, சாராயம் என்பவற்றால் கெட்ட ஈரலின் நிலை வேறு. இலக்கம் பெரும்பாலும் சில நூறுக்குள் நிற்கும், எஸ்.ஜீ.ஓ.ரி. மற்றதைவிட இரு மடங்காகக் காணப்படுவதுண்டு. ஈரல் சுருங்கி இறுகியபின் இலக்கம் சாதாரணமாகவும் வரலாம். சாக்கிலே சிந்துவதற்கு நெல் இல்லை! "துண்டு நல்லது" என்று மீண்டும் குடிப்பவர் தம்மையே ஏமாற்றுகிறார்.

எஸ்.ஜீ.ஓ.ரி. தசைகளிலும் உண்டு. நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்தவருக்கு அது உயரக்கூடும். எனவே செய்த வேலை, குடித்த மது, எடுத்த ஆங்கில மருந்து, நாட்டு மருந்து யாவற்றையும் வைத்தியருக்கு மறையாது சொல்லுங்கள். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டு வில்லைகளுக்கு மேற்படலாகாது. ஈரல் நோயாளர் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

புத்தி தடுமாற்றம், இரத்த வாந்தி, வயிறு வீங்குதல் கண்டால் துண்டுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

ஒரு துண்டு மட்டும் அதிகம் சொல்லாது. நோய் தணிகிறதா, வளர்கிறதா என்பதைப் பல துண்டுகளை ஒப்பிட்டே வைத்தியர் காண்பார். எனவே அவற்றைத் திகதி வரிசையில் பொலித்தீன் பையிலிட்டு, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் வைத்திருங்கள். எங்கு சென்றாலும் அவை உங்களோடு வரட்டும்.